மைனஸ் எண்பதில்

தோர்ஸ்ஹவன் மருத்துவமனையின் அடித்தளத்தில்
துறைமுகத்தைவிடக் குளிர்ந்த பெட்டி ஒன்று.
திறந்தால் வெண்புகை
முழங்கால்வரை இறங்கி வரும்.
உள்ளே, விரல்நீளக் குழாய்களில்
தீவு தீவாக ரத்தம்.
சூதுரோயிலிருந்து இருநூறு,
ஆடுகள் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு பாறையிலிருந்து
ஒன்றே ஒன்று.

ரன்வா கையுறை மாட்டிக்கொண்டு
417ஐத் தேடுகிறாள்.
பெயர் தெரியக் கூடாது என்பது விதி.
பெயர் தெரியாமலிருக்க
அவ்வளவு பெரிய ஊரா இது.
417 அவளுக்கு மீன் விற்பவள்.

பார்பாவுக்குப் பத்தொன்பதில் தொடங்கியது.
முதலில் வலி, பிறகு ரத்தம்,
பிறகு பள்ளித் தோழிகளின் கல்யாணங்களில்
கதவோரம் பார்த்து உட்காரும் பழக்கம்.
எந்தப் படகில் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது,
எந்தச் சுரங்கப்பாதை எத்தனை நிமிடம்,
எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.
கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தவர் அறிக்கையில் எழுதினார்:
கூழாங்கல் பாவிய தெருவைப்போல.
இந்த ஊரின் பழைய தெருக்களைப் பார்க்க
கப்பல் கப்பலாக வருகிறார்கள்.

முந்நூறு கோடி எழுத்து.
அதில் ஓர் எழுத்து கூடுதல்.
அந்த இடத்தோடு வாக்கியம் பாதியில் நின்றுவிடும்.
குடல்வாசலில் காவலிருக்கும் புரதம்
கை முடமாகிப் பிறக்கும்.
வருவது விருந்தா திருட்டா
தடவிப் பார்க்கத் தெரியாது அதற்கு.
சந்தேகத்தில் ஒருநாள்
வீட்டுக்கே தீ வைக்கும்.
இப்படித்தான் ரன்வா மாணவர்களுக்குச் சொல்வாள்.
சொல்லி முடித்ததும்
இது இவ்வளவு எளிதில்லை என்று
தானே கரும்பலகையை அழிப்பாள்.

செவ்வாய்க்கிழமை ட்ரோந்துர் வந்தார்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
காற்றில் உலர்த்திய ஆட்டுத்தொடை ஒன்று,
செய்தித்தாளில் சுற்றியது, மேசைமேல்.
அறை முழுக்க அதன் வாடை.
"என் பக்கத்திலிருந்து வந்ததா,
அவள் அம்மா பக்கமா?"
ரன்வா வாய் திறக்கும்முன்
அவரே சொன்னார்:
"என் பக்கம் என்று எழுதிக் கொடு.
போனவள் தலையில் பழி வேண்டாம்."

416 இறந்து ஆறு வருடம்.
கல்லறையில் புல் மூடிவிட்டது.
ரத்தம் மட்டும்
மைனஸ் எண்பதில், அப்படியே.
அந்த எழுத்து அதில்தான் இருக்கிறது.
418இல் இல்லை. மூன்று முறை பார்த்தாயிற்று.

ஆனால் 416
கல்லைத் தின்றாலும் செரித்தவள்.
எழுபத்திரண்டு வயதுவரை
ஒருநாள் வயிறு என்று படுத்ததில்லை.
அதே எழுத்து, அதே இடம்.
அம்மா கையில் உறங்கியது
மகளிடம் ஏன் விழித்தது?
சின்ன வயதில் விழுங்கிய மாத்திரைகளா,
தட்டில் மாறிப்போன ஏதோவா,
இன்னும் பெயர் வைக்காத வேறு எழுத்துகளா?
ரன்வாவுக்குத் தெரியாது.
தலையெழுத்து என்றால்
இவளுக்கும் எழுதியிருந்ததே.

"எழுதிக் கொடுக்க முடியாது" என்றாள்.
"விதி" என்றாள்.
"உங்கள் மகள் கேட்டால்,
அவளுடையதை அவளிடம் சொல்ல ஆள் இருக்கிறார்கள்."
பிறகு, விதியில் இல்லாத ஒன்று:
"யார் பக்கமும் இல்லை, ட்ரோந்துர்."
அவர் நம்பவில்லை.
நம்பாதவர் முகத்தில்
கொஞ்சம் ரத்தம் திரும்பியது.
தொடையை விட்டுவிட்டுப் போனார்.

ஆய்வேட்டுக்குப் பதில் வந்தது கோடையில்.
மாதிரி போதவில்லை,
ஆட்களைக் கூட்டுங்கள்.
ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள நாட்டில்
இன்னும் ஆட்களுக்கு
எந்தக் கடலில் வலை போட?
சிரித்தாள்.
பிறகு உட்கார்ந்து
ஐஸ்லாந்துக்கு ஒரு கடிதம், ஷெட்லாந்துக்கு ஒரு கடிதம்.

வெள்ளி மாலை, துறைமுகச் சந்தை.
பார்பா கத்தியைத் துடைத்துக்கொண்டு
"இந்த வாரம் பரவாயில்லை" என்கிறாள்,
யாரும் கேட்காமலே.
எடைக்கு மேல் ஒரு துண்டு வைக்கிறாள்.
ரன்வா வாங்கிக்கொண்டு மேடேறுகிறாள்.
கையுறை இல்லாத கையில்
மீனின் குளிர்.
நாலு டிகிரி இருக்கும்.