பதினேழாவது பார்

மூவாயிரத்துக்கு, வாடகைக்குத்தான் கொடுத்தேன்.
விற்கேல்ல என்று வட்ஸ்அப்பில் எழுதியும் வைத்தேன்.
கஜரூபன் பெருவிரல் போட்டான்.

நேற்றுக் கல்முனை பஸ்ஸில், ஆரையம்பதி தாண்ட,
என் பீட்.
தொடக்கத்தில் என் பெயர் சொல்லும் குரலைச்
சுத்தமாக வெட்டியிருந்தான்.
திரையில், இசை: கஜரூபன்.

பதினேழாவது பாரில் மட்டும்
பாம், பாம்.
நாவற்குடாவில் ஜன்னல் சாத்தாமல் பதிந்த அன்று
மீன்கார லாபிரின் ஹோர்ன்
ஸ்னேருக்குள் ஏறி இருந்துவிட்டது.
அழிக்கப் பஞ்சிப்பட்டு விட்டிருந்தேன்.

அந்த இரண்டு நொடியை மட்டும் அனுப்பினேன்.
ஒரு சொல்லும் எழுதவில்லை.
இரவே வந்தது இருபதாயிரம்.

விடிய லாபிர் வந்தார்.
சூடை என்ன விலை என்றேன். சொன்னார்.
பேரம் பேசாமல் காசை நீட்டினேன்.
சந்தேகத்தோடு
தன் மீனையே ஒருதரம் மணந்து பார்த்தார்.