மூல மெட்டு: காப்பகம்

கணபதியில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேலே
பத்துக்குப் பத்து அறை.
பன்னிரண்டாம் வருசத்துக் கோடை,
கரண்ட் எப்ப வரும் எப்பப் போகும் என்று
ஈ.பி.க்காரருக்கே தெரியாத காலம்.
கயிறு விட்டுக் கயிறு தாவுகிற பெண்பிள்ளை ஒருத்தி,
அவளுக்கு ஒரு மெட்டு வேணுமுங்க என்றார் சிவராசு.
ஆட்டத்துக்குப் பேர் தூரி.
ஆறு மணிக்குள் வேணும்.
நானூறு கேபிக்குள் வேணும்.

கேபிள் பழுது.
கீபோர்டின் ஸ்பீக்கருக்கு முன்னால்
டிபன் பாக்ஸ்மேல் மைக்கைச் சாய்த்து வைத்து
புல்லாங்குழல் சத்தத்தில் வாசித்தேன்.
கீழே வையாபுரி அண்ணன் பம்புசெட் மோட்டாரை
ஓட்டிப் பார்ப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார்.
அதுவே தாளம் என்று வைத்துக்கொண்டேன்.

மெட்டு மேலே ஏறி, இன்னும் ஒரு சுரம் ஏறவேண்டிய இடத்தில்
போய்விட்டது.
ஃபேன் நின்றது. கீபோர்டு செத்தது.
யு.பி.எஸ். புண்ணியத்தில் கம்ப்யூட்டர் மட்டும்
ஒன்றுமில்லாததைப் பதிவு செய்துகொண்டிருந்தது.
பீப். பீப்.
கீழே ஜெனரேட்டரின் கயிறு இழுபடும் சத்தம்,
அதன் தாயாரைப் பற்றி
வையாபுரி அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை.
உயிர் வந்தபோது கீபோர்டு
புல்லாங்குழலை மறந்திருந்தது,
பியானோவாக எழுந்தது.
நான் பியானோவிலேயே இறங்கி வந்தேன்.

வார்த்தையை வெட்டினேன்.
பதினோரு நொடி மௌனத்தை மூன்றாக்கினேன்.
பீப் ரெண்டையும் எடுக்க நேரமில்லை,
மணி ஐந்து ஐம்பத்தெட்டு.
டிடிஎஸ் போக மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.

தூரி பெங்களூருக்கு விலைபோனது,
அங்கிருந்து எங்கேயோ.
இரண்டாம் ஆட்டத்தில்,
முதல் ஆட்டத்தின் ஊர் இடிந்து கிடக்கும்.
அதற்குள் நுழைந்தால் என் மெட்டு,
மெதுவாக, மழையில் நனைந்து.

மூன்றாவதுக்கு வாத்தியக் குழு.
வீடியோவில் பார்த்தேன்.
ஏதோ ஒரு குளிர் ஊர், கறுப்புக் கோட்டில் நாற்பது பேர்.
புல்லாங்குழல் ஏறுகிறது, ஏறுகிறது,
நடத்துகிறவர் கையைத் தூக்குகிறார்.
வயலின் வில்லெல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன.
ஒருத்தரும் மூச்சு விடவில்லை.
கணபதி ஃபீடரில் கரண்ட் இல்லை என்று
அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்.
பிறகு ஓபோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு
யு.பி.எஸ். மாதிரியே ரெண்டு தரம் ஊதினார்,
அவ்வளவு மரியாதையாக.
அப்புறம் பியானோ.

தூரி உச்சிக்குப் போய்
திரும்புவதற்கு முன் நிற்கிற அந்தக் கணம்,
உடம்புக்கு எடையே இல்லாத இடம்,
அதுதான் இந்த மௌனம் என்று ஒருவர் விளக்கினார்.
நல்லாத்தான் இருந்தது.
அப்படி நினைத்துத்தான் செய்தேனோ என்று
ஒரு நாள் முழுக்க எனக்கே சந்தேகம்.

கடைசியில் எழுத்து ஓடும்போது நிறுத்தி நிறுத்தித் தேடினேன்.
மூல மெட்டு: காப்பகம்.
பெற்றவர் பேர் தெரியாத பிள்ளைகள் வளருமே,
அதற்கும் இதே பேர்தான்.
வையாபுரி அண்ணனுக்கு அதுவும் இல்லை.

நேற்று திருப்பூர் பஸ். கருமத்தம்பட்டி தாண்டி
முன்சீட்டில் பனியன் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பையன்,
கையில் நாலாம் தூரி.
இதில் செத்தால்தான் மெட்டு.
செத்தான். புல்லாங்குழல் நாலு சுரம் வருவதற்குள்
மறுபடியும் ஆட என்று அமுக்கினான்.
செத்தான், அமுக்கினான்.
அவிநாசி வரைக்கும் பதினான்கு தரம் செத்தான்,
ஒரு தரமாவது
கரண்ட் போகிற இடம் வரைக்கும் விடவில்லை.
அவன் தோளைத் தட்டி
இரு சாமி, கொஞ்சம் பொறு என்று சொல்ல
வாய்வரைக்கும் வந்தது.

புது பஸ் ஸ்டாண்டுக்குள் டிரைவர் பிரேக் போட்டார்.
அவன் கம்பியைப் பிடிக்க ஒரு கை, பையைப் பிடிக்க ஒரு கை.
மெட்டு தன் பாட்டுக்கு ஏறியது,
நின்றது.

அவன் போனைப் பார்த்தான்.
இது வேற ஹேங் ஆகித் தொலையுது என்று
தொடையில் ரெண்டு தட்டுத் தட்டினான்.

பீப். பீப்.