குதிரை பார்க்கப் போகாதவர்

எங்கள் மொழியில்
ஒண்ணுக்குப் போகிறவன் அப்படிச் சொல்லமாட்டான்.
"குதிரைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று
எழுந்து போவான்.
குதிரையே இல்லாத தர்கான் நகரத்தில்
ஆஸ்பத்திரி நாலாம் மாடியிலும்
இதுதான் பேச்சு.

கொம்போசுரேன் குதிரைகளைப் பார்த்து
மூன்று வருடம் ஆகிறது.
"இந்நேரம் ஓநாய் தின்றிருக்கும்" என்பார்
ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே.

திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறரை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரி லாரி ஓட்டியவர்.
எடைமேடையில் வண்டியை ஏற்றுவது போலத்தான்
இன்னும் தராசில் ஏறுகிறார்:
நேராக, மெதுவாக, மூச்சை அடக்கி.
அவருடைய உலர் எடை அறுபத்தொன்றரை.
அதற்குமேல் முள் காட்டுவதெல்லாம்
அவர் இல்லை,
தண்ணீர்.

வெள்ளை மாதம் பிறந்த வாரம்
புதன்கிழமை வரவில்லை.
வெள்ளி வந்தார்.
அறுபத்தாறு புள்ளி ஒன்று,
மேலங்கியைக் கழற்றிய பிறகு.
கணுக்காலில் என் கட்டைவிரல் பதித்த குழி
நான் கையுறை மாற்றி முடித்தும் மூடவில்லை.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.
பதினோரு வீடு.
வீட்டுக்கு ஒரு கிண்ணம், உப்புப் போட்ட பால்தேநீர்.
"உதட்டோடு நிறுத்திவிடலாம் என்றுதான் போனேன்.
உதடு என் பேச்சைக் கேட்கவில்லை."

பயிற்சியில் எங்களுக்குத் தந்த தாளில்
ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி என்று இருக்கிறது.
தாகமெடுத்தால் ஐஸ்கட்டி,
நாவில் எலுமிச்சைத் துண்டு என்று இருக்கிறது.
மச்சினி இரு கையால் நீட்டும் கிண்ணத்தை
என்ன செய்வதென்று இல்லை.

இடது முழங்கைக்குக் கீழே
தமனியையும் சிரையையும் தைத்துச் சேர்த்த இடம்.
விரல் வைத்தேன்.
ரயில் இன்னும் தெரியாத தூரத்தில் இருக்கும்போதே
தண்டவாளம் அதிருமே,
அது.

"மொத்தத்தையும் இன்றே எடுத்துவிடு, தங்கச்சி."
"நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர். அவ்வளவுதான்."
"நாலரை இருக்கிறதே."
"ஓடுகிற லாரியிலா பாரம் இறக்குவீர்கள்?"
வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் மணியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
பாதத்தை என் வயிற்றில் முட்டக் கொடுத்து
விரல்களை மேலே மடக்கிப் பிடித்தேன்.
நூற்று முப்பதிலிருந்து தொண்ணூறு.
யாஞ்சிமா இழுவையைக் குறைத்தாள், தலைமாட்டைத் தாழ்த்தினாள்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், ரஷ்ய மொழியில்.
பிறகு மன்னிப்புக் கேட்டார், எங்கள் மொழியில்.

அறுபத்து மூன்று புள்ளி ஒன்றில் இறங்கினார்.

"மிச்சத்துக்கு நாளை வாருங்கள்.
மூன்றாம் கட்டில் காலி."

நாளை சனிக்கிழமை.
சனிக்கிழமை மூன்றாம் கட்டில்
நாலு வருடமாக ஹண்ட்மாவுடையது.
ஊசி ஏற்றிய கையோடு பின்ன முடியாதென்று தெரிந்தும்
கம்பளி நூலும் பின்னல் ஊசியும் கொண்டுவருவாள்.
இருவருக்கும் ஒரே பேருந்து நிறுத்தம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.
ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு
நான் என் கையைப் பார்த்தேன்.
இரத்தம் நிற்கப் பத்து நிமிடம்.
அதுவரை இருவருக்கும் எங்கும் போக வழியில்லை.
"எத்தனை மணிக்கு?" என்றார்.

சனிக்கிழமை ஆறரைக்கே வந்துவிட்டார்.
நேராக, மெதுவாக.
அறுபத்து மூன்று புள்ளி மூன்று.

"இருநூறு கூடியிருக்கிறது."
"நேற்று ராத்திரி ஒரு கிண்ணம்."
"எந்த வீட்டில்?"
தராசிலிருந்து இறங்காமலே சொன்னார்:
"ஹண்ட்மா வீட்டில்."

உட்கொண்ட திரவம் என்ற கட்டத்தில்
இருநூறு என்று எழுதினேன்.