ஆறுக்கு ஒன்பது

பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில்
'பொதுவில் விடப்பட்டது' என்று
ஒற்றை வரியில் கிடக்கிறது இந்த மூலை.
கிழமேல் ஆறடி, தென்வடல் ஒன்பதடி,
அதனுள் அடங்கிய மோட்டார் ஷெட் ஒன்று.

பொது என்றால் ரெண்டு பேருக்கும் சொந்தம்
என்று வக்கீல் சொன்னார்.
பதினோரு வருஷம்
அது ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது.

அண்ணன் வீட்டு உடைந்த சிங்க் அங்கே வந்தது.
என் வீட்டு ஜன்னல் கம்பிகள் போயின.
அவன் டைல்ஸ் மாற்றியபோது மூன்று மூட்டை உடைசல்,
நான் பெயிண்ட் அடித்தபோது நாலு காலி டப்பா.
பேச்சு நின்றுபோனவர்கள்
ஒருவருக்கொருவர் இப்படித்தான்
பதில் போட்டுக்கொண்டிருந்தோம்.

வெள்ளம் வந்த வருஷம்
ஷெட் சுவரில் தொடை உயரத்துக்கு
ஒரு பழுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது.
கோட்டுக்குக் கீழே மூக்கிரட்டையும் குப்பைமேனியும்.
கோட்டுக்கு மேலே கோவைக்கொடி
ஆஸ்பெஸ்டாஸ் விரிசல் வழியாக உள்ளே போய்
செத்த மோட்டாரைச் சுற்றிப் படுத்திருந்தது.
பெருச்சாளி ஒன்று
பத்திரம் பதியாமலே குடியிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில்
கொசு ஒழிப்புக்கு வருகிற கஸ்தூரி
சிங்கில் தேங்கியதைக் கரண்டியால் மொண்டு
டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள்.
எழுதாத வாக்கியத்துக்குப் போட்ட கமாக்கள் மாதிரி
நூறு புழுக்கள் துள்ளின.

"யார் பேர்ல எழுதட்டும்?"

"இது பொதுங்க."

"பொதுவுக்கெல்லாம் அபராதம் போட முடியாதுக்கா.
ஒரு பேர் சொல்லுங்க."

பக்கத்துக் கதவைப் பார்த்தேன்.
சாத்தியிருந்தது.
திலோத்தமை என்றேன்.
"தி… லோ… எப்படி எழுதணும்?"
எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
ஐந்நூறு ரூபாய்.
அயனாவரத்தில் ஐம்பத்து நாலு சதுர அடி
அன்றைக்கு எனக்கு அந்த விலைக்குக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை
மகனின் கிரிக்கெட் கிளவுஸ் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
மண்வெட்டி முதல் அடியிலேயே
எதன் மீதோ மோதி 'ணங்' என்றது.
அந்தச் சத்தத்துக்கு அண்ணன் வந்தான்,
கையில் அளவு டேப்போடு.

ஒன்றும் சொல்லவில்லை.
நான் வியர்வை துடைத்துக்கொண்டிருக்க
கிழமேல் அளந்தான். ஆறு.
தென்வடல் அளந்தான். ஒன்பது.
மறுபடி ஒருமுறை.
டேப் சர்ரென்று உள்ளே ஓடியது.

நான் கூரை ஷீட்டில் கை வைத்தேன்.
"தனியாப் புடிக்காத. விரிஞ்சிடும்."
பதினோரு வருஷத்துக்குப் பிறகான முதல் வாக்கியம்
ஒரு ஷீட்டைப் பற்றியது.
மறுமுனையை அவன் பிடித்தான்.

அவனுடைய டைல்ஸ் உடைசலையே
குழி தோண்டிக் கொட்டினோம்.
மேலே ஜல்லி, அதன் மேலே மணல்,
ஓரத்தில் கல்வாழைக் கிழங்கு ஏழு.
ரெண்டு வாஷிங் மெஷின் தண்ணீரும்
இனி அங்கே வந்து கலக்கும்.
சாய்வு போதாது என்று அவன் சொன்னான்.
போதும் என்றேன்.
போதவில்லை. திரும்பவும் வெட்டினோம்.

மறுநாள் காலை
என் பால் பையில் இருநூற்றைம்பது ரூபாய் இருந்தது.
ஒரு ரூபாய் கூடவும் இல்லை.

ஐப்பசியில் ராத்திரி முழுக்கக் கொட்டியது.
சமையலறை விளக்கை அணைத்துவிட்டு
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
தண்ணீர் வந்தது, யோசித்தது,
கால் மணி நேரத்தில் மண்ணுக்குள் போனது.
எதிர்ச் சுவரில்
அவன் வீட்டு பாத்ரூம் வெளிச்சம் விழுந்திருந்தது,
ரொம்ப நேரமாக.

இப்போதும் பெரிதாகப் பேசுவதில்லை.
பெருச்சாளி திரும்பி வந்துவிட்டது.
கல்வாழை ஒன்று பட்டுப்போனது,
மற்றவை சிவப்பாகப் பூத்திருக்கின்றன.

நேற்று அந்த மூலையில்
ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது.
என்னுடையது இல்லை.
வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டே
எடுத்து எறியப் போனேன்.

கவிழ்த்து வைத்திருந்தது.