பத்தொன்பது மடிப்பு

நான்காம் எண் இயந்திரத்துக்குப் பத்தொன்பது பற்கள்.
மாவின் ஓரத்தை ஒரே கடியில் மூடிவிடும்.
நிமிடத்துக்கு நூற்றிருபது பியெரோகி,
பிறை பிறையாக, அச்சில் வார்த்தாற்போல்.
அந்த அணிவகுப்பில் கால் தவறியதைப்
பொறுக்கி எடுப்பது என் வேலை.
ஓரம் பிதுங்கியது, பூரணம் எட்டிப்பார்ப்பது,
தூக்கத்தில் புரண்டு படுத்ததுபோல் கோணியது,
எல்லாம் இடப்பக்கத்து நீலத் தொட்டிக்கு.
வெள்ளிக்கிழமைகளில் அதை எங்களுக்கே விற்பார்கள்,
கிலோ நான்கு ஸ்வோத்தி.
பெட்டிக்குள் போனதோ அரைக் கிலோ பதினாறு.

கட்டுப்படியாகுமா என்று கேட்கிறவர்களுக்கு
ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.
காளான் ஊற ஓர் இரவு.
முட்டைக்கோஸ் வதங்க ஒரு மணி.
மாவு பிசைய, தேய்க்க, வட்டம் வெட்ட, மடிக்க,
காய்ந்த மாவை மேசையிலிருந்து சுரண்ட.
பிறகு முதுகு.
முதுகுக்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல்
கணக்கு எப்போதும் அங்கேயே நின்றுவிடும்.

என் நாத்தனார் பொகுமீவாவுக்குக் கணக்கே கிடையாது.
"பெட்டிச் சாப்பாடு வாங்குகிறவள் வீட்டில்
அடுப்பு எதற்கு, பூனை படுக்கவா?"
ராதோம் நகரில் ஏழாம் தடப் பேருந்து ஓட்டுகிறாள்.
திருப்பத்தில் ஹாரன் அடிப்பதுபோல் பேசுவாள்.
நான் வேலை பார்க்கும் இடம் அவளுக்கு
"அந்தக் கம்பெனி",
பெயர் சொன்னால் நாக்கில் ஒட்டிக்கொள்ளுமாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்
இரண்டு மணி வரை எனக்கு ஷிப்ட்.
மூன்றரைக்கே இருட்டிவிடும்,
முதல் நட்சத்திரம் கண்டதும் உட்கார வேண்டும்.
பன்னிரண்டு பதார்த்தம்.
பத்தை ஸெனோன் பார்த்துக்கொண்டான்
(மூன்று ஒரே ஹெர்ரிங் மீன், வேறு வேறு கிண்ணத்தில்).
பியெரோகி என் பொறுப்பு.
நீலத் தொட்டியின் இரண்டு கிலோ கல்லாக உறைந்திருந்தது.
கொதிநீரில் போட்டேன், மிதந்தன.
வெங்காயம் வறுத்து மேலே கொட்டினேன்.
வெங்காயம் மட்டும் சத்தியமாக என்னுடையது.

விரிப்புக்கு அடியில் வைக்கோல்.
வராத விருந்தாளிக்கு ஒரு வெற்றுத் தட்டு.
பொகுமீவா ஒன்றை முள்கரண்டியில் தூக்கி
விளக்கில் திருப்பிப் பார்த்தாள்.
ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் அவசரம்.
"இதுதான் கைப்பக்குவம்," என்றாள் எல்லோரிடமும்.
"ஒன்று மாதிரி ஒன்று இல்லை பாருங்கள்.
மெஷினால் முடியுமா இது?"

முடியும்.
ஸ்பிரிங் தளர்ந்தால் முடியும்.
சொல்லவில்லை. வாய் நிறைய பீட்ரூட் சூப்.

அவளும் ஒரு சட்டி கொண்டுவந்திருந்தாள்,
துண்டு சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல்.
உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்.
என் தட்டில் மூன்று விழுந்தன.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
பத்தொன்பது.
அடுத்ததும் பத்தொன்பது.
மூன்றாவதை எண்ணவே வேண்டாம்.
இடமிருந்து ஆறாவது பல் கொஞ்சம் மழுங்கியது,
எனக்கு அது என் கடைவாய்ப் பல் மாதிரி.

நிமிர்ந்தேன்.
ஸ்வெட்டருக்கு மேலே அவளுடைய சீருடைக் காலர்
இன்னும் எட்டிப்பார்த்தது.
வண்டியை டெப்போவில் விட்டபோது மூன்று மணி ஆகியிருக்கும்.
நான் எண்ணியதை அவள் பார்த்துவிட்டாள்.
"நன்றாக இருக்கிறது," என்றேன்.
பொய்யில்லை. அங்கே உப்பு பார்ப்பதற்கென்றே
சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் இருக்கிறார்.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.
குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுச் சொன்னேன்:
"இனி பதினாறு கொடுக்காதே.
நீலத் தொட்டி. வெள்ளிக்கிழமை. நான்கு."
ஒரே தட்டை ரொம்ப நேரம் துடைத்தாள்.
"கோணலாக இருக்குமா?"
"இருக்கும்."
"நல்லது," என்றாள்.