கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
இருபது நிமிஷம். சில நாள் நாற்பது.
இன்ஜின் இந்தப் பக்கம் கழன்று
அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளும்வரை
தஞ்சாவூர் பஸ்ஸும் நெல் லாரியும்
ஆம்புலன்ஸும்கூட
ஒரே வரிசையில் நிற்கும்.

எங்களுக்கு அது போதும்.
நான், ஜகுபர், நர்ஸ் தையல்நாயகி.
ஐந்நூறு தாள், என் ஜெராக்ஸ் கடையில் அடித்தது.
மஞ்சள் தாள்தான் மீந்திருந்தது.
கல்யாணப் பத்திரிகை என்று நினைத்தே
பாதிப் பேர் கை நீட்டினார்கள்.

தாளில் இரண்டு பேர்.
மகனைப் பறிகொடுத்த இஸ்ரேல்காரி நோகா.
மகளைப் பறிகொடுத்த ஹிஷாம், மேற்குக் கரை.
ஒரே கூடாரத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்து
எங்கள் பிள்ளைகள் பேரைச் சொல்லி
இன்னொரு பிள்ளையைக் கொல்லாதீர்கள் என்று
வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்கள்.
இரண்டு பக்கமும் அவர்களுக்குத் துரோகி என்று பேர்.
அந்தச் சொல்லைத் தட்டும்போது மட்டும்
எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

ஜகுபர் முதலில் வரமாட்டேன் என்றான்.
போனில் வந்த படங்களைப் பார்த்துத்
தூங்காமல் கிடந்த வாரம் அது.
பிறகு அவனே வந்தான்.
"அந்த மனுசனே அவ பக்கத்துல உக்காரும்போது
நான் யாரு எந்திரிச்சுப் போக?"

முதல் நாள் பைக்காரர் கேட்டார்:
அவ பேர் ஏன் முன்னாடி?
பின்னால் கார்க் கண்ணாடி இறங்கியது:
அவன் பேர் எதுக்கு இதுல?
ராத்திரியே மறுபடி அடித்தோம்.
இருநூற்றைம்பதில் நோகா முன்னால்,
இருநூற்றைம்பதில் ஹிஷாம்.
சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக் கட்டினான் ஜகுபர்.

எஸ்.ஐ. ஒன்று வாங்கிப் படித்தார்.
"எந்தக் கட்சி?"
கட்சி இல்ல சார்.
"சரி, எந்தப் பக்கம்?"
கேட்டுக்கு ரெண்டு பக்கமும் குடுக்குறோம் சார்,
என்றாள் தையல்நாயகி.
அவர் சிரிக்கவில்லை.
எங்கள் பேரை எழுதிக்கொண்டார்,
அந்த மஞ்சள் தாளின் பின்புறத்திலேயே.

வேர்க்கடலைக்காரன் நூறு தாள் கேட்டான்,
பொட்டலம் மடிக்க. கொடுத்தோம்.
ஒரு கண்டக்டர் சொன்னார்:
"இங்க மேம்பாலத்துக்கே வழியக் காணோம்,
ஜெருசலேமுக்குப் போயிட்டீங்களா?"
நியாயம்தான்.
பாலத்துக்கு மனு எழுதியவர்களில்
நானும் ஒருத்தி.

மூன்றாம் நாள்
நடவு முடித்து லோடு ஆட்டோவில் பெண்கள்.
விரலிடுக்கில் சேறு காயாமல்
பின்பலகையில் இருந்தாள் காசாம்பு.
படிச்சுக் காட்டு என்றாள். படித்தேன்.

"அந்தம்மா புள்ள கல்லெடுத்து எறிஞ்சா
எந்தக் கோர்ட்டு?"
ஊர்க் கோர்ட்டு.
"இவரு புள்ள எறிஞ்சா?"
பட்டாளத்துக் கோர்ட்டு.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்னால் ஏதாவது இருக்குமென்பது போல.
"இதுல அது எங்க இருக்கு?"

இல்லை.
கண்ணீர் இருந்தது. மன்னிப்பு இருந்தது.
சமாதானம் ஏழு தடவை இருந்தது.

"எங்க தெருவுக்கும் பீஸ் கமிட்டி போட்டாங்க.
தாசில்தார் டீ வாங்கிக் குடுத்தாரு.
கை குலுக்கச் சொன்னாரு, குலுக்கினோம்.
எங்க பொணம் இன்னும்
வாய்க்கால்ல எறங்கித்தான் போவுது."

இன்ஜின் ஊதியது.
கேட் ஆடிக்கொண்டே எழுந்தது.
எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில்.
தாளை என் கையில் திணித்தாள்.
"வேணாம்னு சொல்லல.
அதயும் சேத்து அடிச்சிட்டுக் குடு."

மஞ்சள் தாள் தீர்ந்துவிட்டது.
இருவருக்கும் ஒரே சட்டம் என்று தட்டிவிட்டேன்.
அடுத்த வரியில் காசாம்புவின் வாய்க்கால்
வரலாமா, கூடாதா என்று
ஜகுபரும் தையல்நாயகியும்
இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ஆறே காலுக்கு மன்னார்குடி வண்டி.
கேட் போட்டுவிடுவான்.