பெருவிரல்

ரேஷன் கடை மெஷினுக்கு
என் பெருவிரலை அடையாளம் தெரியாது.
பதினோரு வருசம் காசிமேட்டில்
ஐஸ் அள்ளி, செதில் சீவி
ரேகை தேய்ந்துபோய்விட்டது.
துடைச்சிட்டு வை, எண்ணெய் தடவி வை,
இன்னொரு தரம் வை என்பான்.
சிவப்பு விளக்குதான் எரியும்.

இங்கே மை தடவி வைக்கச் சொன்னார்கள்.
வழவழவென்று ஒரு நீலத் திட்டு விழுந்தது.
"போதும், சாட்சி கையெழுத்து இருக்கு"
என்றார் டாக்டர் வஹீதா.

பதினேழு பக்கம்.
சங்கமித்திரை சிஸ்டர் வரிவரியாகப் படித்தாள்.
இது ஆராய்ச்சி என்ற இடத்தில் நிறுத்தி
என் முகத்தைப் பார்த்தாள்.
"புரியுது, சோதனைதானே" என்றேன்.
ராயபுரத்துக் கோயிலில்
அந்தச் சொல்லை நாங்கள்
முட்டி போட்டுக்கொண்டு சொல்வோம்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

பெலிக்ஸுக்கு நாலரை வயசு.
சிறுநீரகத்துக்கு மேலே குந்தியிருந்த கட்டியை
வெட்டினார்கள்.
மருந்தால் எரித்தார்கள், கதிரால் எரித்தார்கள்.
எலும்புக்குள் ஒளிந்திருந்து
ஐப்பசி மழை விட்டதும் திரும்ப வந்தது.

டாக்டர் ஒரு காகிதத்தின் பின்பக்கம்
உருண்டை வரைந்தார். உருண்டை முழுக்க முள்.
"அந்தக் கெட்ட செல் மேல இப்படி ஒரு குறி இருக்கும்மா.
இந்த மருந்து அதைத் தேடிப் போய்ப் பிடிச்சுக்கும்.
பிடிச்சதும் உடம்போட காவல்காரங்க ஓடி வந்து
மீதியைப் பார்த்துக்குவாங்க."
கொஞ்சம் பொறுத்து,
"பார்த்துக்குவாங்களான்னுதான் பார்க்கிறோம்."

ஏலத்தில் பெட்டி எடுக்கிறவள் நான்.
மேல்வரிசை மீனைப் பார்த்துக் காசு கொடுத்ததில்லை.
"அந்தக் குறி வேற எதுமேலயும் இல்லியா?" என்றேன்.

பேனா நின்றது.
"நரம்பு மேல இருக்கு.
வலி தெரியிற நரம்பு."

பத்து மணி நேரம் சொட்டும் என்றார்கள்.
வலி மருந்து இன்னொரு குழாயில்
முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்தது.
முதல் மணி நேரம் செல்போனில் பொம்மைப் படம் பார்த்தான்.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி கூவியது.
பெட்டிகளைச் சத்தத்திலேயே எண்ணினான்,
நாற்பத்தி ஒண்ணு வரைக்கும்.

பிறகு,
"மா, போர்வை கடிக்குது."
எடுத்தேன்.
"ஃபேன் காத்து கடிக்குது."
அணைத்தேன்.
"உன் கை கடிக்குது."

எடுத்த கையை எங்கே வைப்பதென்று
எனக்குத் தெரியவில்லை.
மடியில் வைத்தேன்.
நைட்டியில் துடைத்தேன். மறுபடி மடியில் வைத்தேன்.
என் பிள்ளையின் உடம்புக்குள்
அடையாளம் தெரிந்த ஒன்று
வீடு மாற்றி வீடு
கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

எப்ப வேணாலும் நிறுத்தச் சொல்லலாம்,
காரணம் சொல்ல வேண்டாம்:
பன்னெண்டாவது பக்கம்.
ஆரோக்கியம் டவர் எட்டாத கடலில் இருந்தான்.
கேட்க ஆளில்லை.
வாயைத் திறந்தேன்.
"தண்ணி குடிக்கிறியா?" என்றுதான் வந்தது.

சங்கமித்திரை சொட்டைக் குறைத்தாள்,
வலி மருந்தைக் கூட்டினாள்,
மணி பார்த்து எழுதினாள்.
அவள் எழுதிய பேனாவுக்கும் மூடி இல்லை,
பல்லால் கடித்த தடம் இருந்தது.

ராத்திரி ரெண்டு மணி சுமாருக்கு
கண்ணைத் திறக்காமலே சொன்னான்:
"மா, அத்தோ வாங்கித் தா.
பீச் ஸ்டேஷன் கடைல. முட்டை போட்டு."

சிஸ்டர் சிரிக்கவில்லை.
கட்டம் கட்டமாகப் பிரித்த தாளில்
காய்ச்சலுக்கு இடம் இருந்தது, அரிப்புக்கு இடம் இருந்தது.
இதற்கு இல்லை.
ஓரத்தில் எழுதினாள்:
2.10. அத்தோ கேட்கிறான்.

இன்னும் நாலு சுற்று இருக்கிறது.
ஸ்கேன் தை மாசக் கடைசியில்.
மருந்து யாரைப் பிடித்தது, யாரை விட்டது என்று
அதுவரைக்கும் டாக்டருக்கும் தெரியாது.

விடியும்போது கையை நீட்டினான்.
உடனே பிடிக்கவில்லை நான்.
போர்வையின் ஓரத்தை
முதலில் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.